மாறாத வாடகை

நுழையும்முன்

செல்வம் சேர்ப்பது திறமை. அதனை நிலைத்த அறமாக மாற்றுவது அரிய செயல். ஐரோப்பாவின் பெருஞ்செல்வராக விளங்கிய ஒருவர் வறியோர்க்கென எழுப்பிய வீடுகள், ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் அவர்களுக்கு நிழல் தருகின்றன. அவருடைய வாழ்வையும் அவ்வறமனையின் இயல்பையும் இப்பாடத்தில் அறிவோம்.

நெசவாளர் குடியில்

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள தொன்மையான நகரம் ஆக்ஸ்பர்க். ஹான்ஸ் ஃபுகர் என்னும் நெசவாளர் 1367ஆம் ஆண்டு சிற்றூர் ஒன்றிலிருந்து அந்நகரில் வந்து குடியேறினார். தறியில் தொடங்கிய குடும்பத்தொழில் பின்னர்த் துணி வணிகமாக விரிந்தது. அவருடைய பெயரனாக 1459ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் பிறந்தவரே யாகோப் ஃபுகர்.

பத்து வயதில் தந்தையை இழந்த யாகோபைத் திருச்சபைப் பணிக்கு அனுப்பவே குடும்பத்தார் எண்ணியிருந்தனர். எனினும், வணிகமே அவரது வாழ்வாயிற்று. இத்தாலியின் துறைமுக நகரமான வெனிசில் தங்கி, வரவையும் பற்றையும் இருபுறமும் பதிந்து ஒப்புநோக்கும் கணக்கு முறையைக் கற்றார்.

பேரரசர்களுக்குக் கடன் கொடுத்தவர்

ஆஸ்திரியப் பகுதியின் ஆட்சியாளர்களுக்கு யாகோப் கடன் வழங்கினார். அக்கடனுக்கு ஈடாகத் திரோல் மலைச் சுரங்கங்களின் வெள்ளி அவர் கைக்கு வந்தது. அங்கேரி நாட்டுச் செம்புச் சுரங்கங்களிலும் அவர் பங்கு கொண்டார். 1505ஆம் ஆண்டு இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பல்களிலும் அவரது நிறுவனத்தின் முதலீடு இருந்தது.

1519ஆம் ஆண்டு ஐந்தாம் சார்லசு பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்வாளர்களின் ஆதரவைப் பெறுவதற்கு ஏறத்தாழ எட்டரை இலட்சம் கில்டர் பொன் செலவாயிற்று. அதில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட தொகையை யாகோபே கடனாகத் தந்தார். மணிமுடி யார் தலையில் அமர வேண்டும் என்பதை ஒரு வணிகரின் பணப்பெட்டி முடிவு செய்த காலம் அது.

அவரைப் பழித்தோரும் பலர். தனியுரிமை வணிகத்தால் விலையை உயர்த்துகிறார் என்று குற்றம் சாட்டினர். சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் அவரது வணிகமுறையைக் கடுமையாகக் கண்டித்தார். 1525ஆம் ஆண்டு அங்கேரியில் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர்.

ஃபுகராய் என்னும் அறமனை

பொருள் குவித்த அதே கைகளே ஓர் அறத்தையும் செய்தன. ஆக்ஸ்பர்க் நகரில் நிலம் வாங்கி, 1516ஆம் ஆண்டளவில் வீடுகள் கட்டும் பணியை யாகோப் தொடங்கினார். 1521ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அறக்கட்டளை ஆவணம் எழுதப்பட்டது. 1523ஆம் ஆண்டிற்குள் 52 வீடுகள் எழுந்தன. அக்குடியிருப்பே ஃபுகராய் எனப் பெயர் பெற்றது.

தம் குற்றமின்றி வறுமையுற்ற உள்ளூர்க் கைவினைஞர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் இவ்வீடுகள் உரியவை. வறியோரை ஒரே கூடத்தில் திரளாகத் தங்கவைக்கவில்லை என்பதே இதன் சிறப்பு. ஒவ்வொரு வீட்டிலும் கீழும் மேலுமாக இரு குடித்தனங்கள் அமைந்தன. ஒவ்வொன்றிற்கும் தெருவை நோக்கிய தனி வாயில் இருந்தது. தம் கதவைத் தாமே திறந்து மூடும் மதிப்பு வறியவர்க்கும் வேண்டும் என்னும் எண்ணம் அக்கட்டட அமைப்பிலேயே வெளிப்படுகிறது.

ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர் மட்டுமே. குடியிருப்போர் நாள்தோறும் மூன்று மன்றாட்டுகளை நிறுவனர் குடும்பத்தினரின் ஆன்ம நலனுக்காகச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. வாடகையும் வழிபாடும் அவர்களை இரவலர் நிலையிலிருந்து உயர்த்தின. பெற்றதற்கு ஈடாக ஒன்றைத் தருகிறோம் என்னும் நிமிர்வை அளித்தன.

காலத்தை வென்ற அறம்

1525ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் யாகோப் மறைந்தார். மரபுரிமைக்குப் பிள்ளைகள் இல்லாமையால், அண்ணன் மகன் அந்தோன் நிறுவனத்தை ஏற்றார். காலப்போக்கில் அப்பெரு நிறுவனம் மறைந்தது, அறக்கட்டளை மறையவில்லை. இசைமேதை மோசார்ட்டின் கொள்ளுத்தாத்தாவான கொத்தனார் பிரான்சு மோசார்ட் வறுமையுற்ற காலத்தில் இங்குத்தான் வாழ்ந்தார்.

1944ஆம் ஆண்டு பிப்ரவரியில், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் ஃபுகராயின் பெரும்பகுதி சிதைந்தது. சில நாள்களிலேயே அதனை மீண்டும் கட்ட ஃபுகர் குடும்பத்தார் முடிவெடுத்தனர். இன்று 67 வீடுகளில் 140 குடித்தனங்கள் உள்ளன. ஏறத்தாழ 150 பேர் வாழ்கின்றனர். குறைந்த வருவாயுடைய முதியோர் பலர் அவர்களுள் அடங்குவர். பழைய ஒரு கில்டருக்கு ஈடான 88 சென்ட், அதாவது ஒரு யூரோவிற்கும் குறைவான தொகையே இன்றும் ஆண்டு வாடகை. அறக்கட்டளைக்குச் சொந்தமான காடுகளின் வருவாயும் பார்வையாளர் கட்டணமும் அறத்தைத் தாங்குகின்றன. இரவு பத்து மணிக்கு வாயில் அடைக்கப்படும். பிந்தி வருவோர் காவலருக்குச் சிறு கட்டணம் தந்தே உள்ளே செல்ல வேண்டும்.

யாகோபின் செல்வம் வந்த வழி முழுவதும் போற்றத்தக்கதன்று. இவ்வறம் இரக்கத்தால் விளைந்ததா, தம் ஆன்மாவைக் குறித்த அச்சத்தால் விளைந்ததா என்று வினவுவோரும் உண்டு. இரண்டும் கலந்திருத்தல் கூடும். ஆயினும், முதுமையில் வாடகைக்கு அஞ்சாமல் உறங்கும் ஒருவர்க்கு அவ்வினாவினும் பெரியது தலைக்கு மேலுள்ள கூரை. பேரரசருக்குத் தந்த இலட்சங்கள் வரலாற்று ஏடுகளில் மட்டுமே உள்ளன. எளியோர்க்குத் தந்த வீடுகளில் இன்றும் விளக்கு எரிகிறது.