இரும்புச்சத்து மாத்திரையோடு ஆன்டிபயாடிக் போடலாமா? உலகை மாற்றிய சுப்பாராவின் கதை சொல்லும் பாடம்!

காய்ச்சலுக்கோ முகப்பருவுக்கோ டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது, இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பது வழக்கம். ஏன் அப்படி? இதைப் புரிஞ்சுக்க, இந்த மருந்துக் குடும்பம் பிறந்த ஆய்வகத்தை வழிநடத்திய ஒரு இந்தியரின் கதையைத் தெரிஞ்சுக்கணும். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர். இப்போது அது ஆந்திராவில் இருக்கிறது. மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி.

சுதந்திரப் போராட்ட காலம் அது. ஆபரேஷன் தியேட்டருக்கு கதர் உடையில் போனார் சுப்பாராவ். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கலை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்க வேண்டியவருக்கு அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

வீட்டுக்குள் வந்த நோய்

அந்தக் காலத்தில் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் பலரை வாட்டியது. சாப்பாட்டில் இருக்கும் சத்தைக் குடல் உறிஞ்சாது. தொடர் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, உடல் மெலிவு என்று ஆளையே உருக்கிவிடும். சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேரை, சில நாள் இடைவெளியில் இந்த நோய் கொண்டுபோனது. பிறகு அவரையும் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் அச்சந்த லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். அதன் பிறகு சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடமும் நடத்தினார்.

மாமனாரும் ஒரு அறக்கட்டளையும் பண உதவி செய்ய, அமெரிக்காவின் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படிப்பு, செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். உடம்புக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு. இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கலை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

8 ஆண்டுகளில் நடந்த அதிசயம்

லெடர்லேயில் அவர் வழிநடத்திய குழுக்கள் கொண்டுவந்தவை இவை:

* ஃபோலிக் ஆசிட்: 1945-ல் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டது. இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை.
* டைஎத்தில்கார்பமசைன்: யானைக்கால் நோய் ஒழிப்புக்கு நம்ம ஊர்களில் கொடுக்கும் மாத்திரை.
* மெத்தோட்ரெக்சேட்: புற்றுநோய்க்கும், முடக்குவாதத்துக்கும், சொரியாசிஸுக்கும் இன்றும் தரப்படுகிறது.
* ஆரியோமைசின்: டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாடிக். மிசௌரி மாநில மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியில் இருந்து, சுப்பாராவின் குழுவைச் சேர்ந்த பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்தது.

ஆரியோமைசின் 1948-ல் வெளி உலகுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து 53 வயதில் இறந்துபோனார் சுப்பாராவ். இந்தியா திரும்பவே இல்லை.

இதில் மனசைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. அவர் சகோதரர்களைப் பறித்த ஸ்ப்ரூவுக்கு இன்று தரப்படும் சிகிச்சையே, டெட்ராசைக்ளினும் ஃபோலிக் ஆசிட்டும்தான்.

சேரும் மருந்து, சேராத மருந்து

அப்படின்னா எந்த மருந்தையும் எதோடும் சேர்த்துப் போடலாமா? கூடாது. இதே ஆய்வகத்து மருந்துகளே அதற்கு உதாரணம்.

முதலில் இரும்புச்சத்து. டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகள் இரும்பு, கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் போன்ற உலோகச் சத்துகளைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட மருந்து ரத்தத்தில் சேராது. மாத்திரை போட்டும் நோய் குறையாமல் போகும். அதனால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அசிடிட்டி மருந்துக்கும் பொதுவாக 2 முதல் 3 மணி நேர இடைவெளி தேவை. டெட்ராசைக்ளினை பாலோடு குடிக்கவே கூடாது. டாக்சிசைக்ளினை பால் அந்த அளவுக்குப் பாதிக்காது. ஆனால் இரும்பும் அசிடிட்டி மருந்தும் அதையும் கெடுக்கும்.

அடுத்தது மெத்தோட்ரெக்சேட். இதைச் சாப்பிடுபவருக்கு சிறுநீர்த் தொற்று வந்து, கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆபத்து. இரண்டுமே ஃபோலிக் ஆசிட்டின் வேலையைத் தடுப்பவை. சேரும்போது எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியே முடங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகளும் மெத்தோட்ரெக்சேட்டை உடம்பில் தேங்க வைக்கலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, பல ஆன்டிபயாடிக்குகள் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும்.

டாக்சிசைக்ளின் போடுறீங்களா? இதைக் கவனிங்க

* ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு விழுங்கணும். உடனே படுக்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்கணும். இல்லைன்னா உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.
* வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்து எரியலாம். குடை, முழுக்கை சட்டை நல்லது.
* டெட்ராசைக்ளின் வகைகள் வளரும் பற்களை நிறம் மாற்றக் கூடியவை. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் டாக்டர் முடிவு இல்லாமல் கொடுக்கவே கூடாது.
* முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் இதைச் சேர்க்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் கூடும். கடுமையான தலைவலி, பார்வை மங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி போங்க.
* பழைய, காலாவதியான டெட்ராசைக்ளினைத் தொடாதீங்க. சிறுநீரகம் பாதிக்கப்பட்டது மருத்துவத்தில் பதிவாகி இருக்கிறது.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

தினமும் போடும் எல்லா மாத்திரையையும் சொல்லுங்க. வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட்டைப் பலர் மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. சத்து மாத்திரை, சித்தா, ஆயுர்வேத மருந்துகளும் இந்தக் கணக்கில் சேரும். முன்பு எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்திருந்தால் அதுவும் முக்கியம். வாயால் சொல்ல மறந்துடும்னு தோணினா, மாத்திரை அட்டைகளை எல்லாம் செல்போனில் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மெடிக்கல் ஷாப்பிலும் அதைக் காட்டலாம்.

அதே சமயம், இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு போட்டுக்கிட்டு இருக்கிற மருந்தை நீங்களே நிறுத்திடாதீங்க. சந்தேகம் இருந்தா, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுடுங்க.