கடற்பஞ்சு சாப்பிடுவதைப் பார்த்தவர்

(விஞ்ஞானிகளை அறிவோம்)



இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டவர் இலியா மெட்ச்னிகாஃப். பெயரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கும்! ஆனா நம்ம ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கி நம்மைக் காப்பாற்றுகின்றன என்று உலகத்துக்குச் சொன்னவர் இவர்தான்.

இவர் 1845-ல், இன்றைய உக்ரைன் நாட்டில், கார்கிவ் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். நான்கு வருடப் பட்டப்படிப்பை இரண்டே வருடத்தில் முடித்த கெட்டிக்காரர். பிறகு ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். ஆனால் வாழ்க்கை அவருக்கு இனிக்கவில்லை. 1873-ல் அவர் மனைவி காசநோயால் இறந்துபோனார். அன்று அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. மனிதர் நொறுங்கிப் போனார். அவர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது தன் மைக்ராஸ்கோப்பிடம்தான்.

அதில் அவர் பார்த்த உயிர்களில் ஒன்று கடற்பஞ்சு. நம்ம ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவிலும் இது நிறைய உண்டு. இதற்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, இடம் விட்டு இடம் நகரவும் நகராது. அப்புறம் எப்படிச் சாப்பிடுது?

அதன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே காலர் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் சாட்டை மாதிரி ஒரு கசையிழை. எல்லாம் சேர்ந்து அடிக்க அடிக்கக் கடல்நீர் துளைகள் வழியே உள்ளே வரும். கசையிழையைச் சுற்றியுள்ள காலர், டீ வடிகட்டி போல, நீரில் வரும் பாக்டீரியாவையும் நுண்துகள்களையும் பிடித்துக்கொள்ளும். செல் அதை அப்படியே விழுங்கிவிடும். கொஞ்சத்தைத் தானே செரிக்கும். மீதியைப் பக்கத்தில் ஊர்ந்து திரியும் அமீபா போன்ற செல்களிடம் கொடுக்கும். அவை செரித்து மற்ற செல்களுக்கும் பங்கிடும். வடிகட்டிய நீர் மேலே உள்ள பெரிய துளை வழியாக வெளியே போய்விடும்.

மெட்ச்னிகாஃப் கடற்பஞ்சுக்குக் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஊர்ந்து திரியும் செல்களுக்குள் அந்தச் சிவப்புத் துகள் இருந்தது! வயிறே இல்லாத உயிரில் செல்லே வயிறாக வேலை செய்வதை 1879-ல் எழுதினார்.

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா ஊரில் இருந்தார். வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ஊர்ந்த செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடத் தெரிந்த செல்லுக்கு எதிரியையும் சாப்பிடத் தெரியுமோ? இந்த யோசனை வந்ததும் ரோஜா முள்ளை எடுத்துக் குஞ்சின் உடம்பில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன! நம் வெள்ளை அணுக்களும் இப்படித்தான் கிருமிகளை வளைத்து விழுங்குகின்றன என்றார்.

பலர் இதை ஏற்கவில்லை. ரத்தத்தில் உள்ள நீர்ப்பொருள்தான் கிருமியைக் கொல்கிறது என்று ஜெர்மனி விஞ்ஞானிகள் வாதாடினார்கள். லூயி பாஸ்டர்தான் 1888-ல் பாரிஸில் தன் நிறுவனத்தில் இவருக்கு இடம் கொடுத்தார். நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. கடைசியில் இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. 1908-ல் நோபல் பரிசை இவரும் எதிரணியின் பால் எர்லிக்கும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1916-ல் மெட்ச்னிகாஃப் மறைந்தார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது.

நமக்கும் இவருக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஒடெசாவில் இவரிடம் படித்த ஹாஃப்கின் 1893-ல் இந்தியா வந்து காலராவுக்குத் தடுப்பூசி போட்டார். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தார்.

நண்பர்களே! காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் முகம் சுளிக்காதீங்க. கிருமியோடு சண்டை போட்டு நமக்காக உயிர்விட்ட வெள்ளை அணுக்கள்தான் அதில் நிறைய. அவை விழுங்கும் விதமும், கடலடியில் உட்கார்ந்திருக்கும் கடற்பஞ்சு விழுங்கும் விதமும் ஒன்றுதான். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் சோர்ந்து உட்காராமல் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் இது நமக்குத் தெரிய வந்தது.

சிந்திக்க: வெள்ளை அணுக்களைப் போலவே கிருமியை விழுங்கக்கூடிய வேறு செல்கள் நம் உடம்பில் எங்கெங்கே இருக்கின்றன? விடை தெரிந்தவர்கள் கீழே எழுதி ஒட்டலாம்.

— 9-ஆம் வகுப்பு மாணவன், அரியாங்குப்பம்