உஸ்தாத் மன்சூர்

பேரரசர் ஜஹாங்கீரின் அரசவையில் விலங்குகளையும் பறவைகளையும் தீட்டிப் புகழ்பெற்றவர் உஸ்தாத் மன்சூர். ‘நாதிர் உல் அஸ்ர்’, அதாவது ‘காலத்தின் அதிசயம்’ என்னும் பட்டத்தை அரசர் அவருக்கு அளித்தார்.

விலங்குகள் மனிதரைப்போல் அசையாமல் அமர்ந்திரா. இருந்தும் மன்சூர் ஒவ்வோர் இறகையும் மயிரையும் நுண்ணிய தூரிகையால் பொறுமையுடன் தீட்டினார். 1621இல் அரசவைக்கு வரிக்குதிரை வந்தபொழுது, அதன் கோடுகள் யாரோ பூசிய வண்ணமோ என்று ஐயுற்றுச் சோதித்தனர். நேரில் கண்டவரே நம்பாத அவ்விலங்கை, காணாதவரும் நம்பும்படி வரைவது எளிதா? மன்சூர் வரைந்தார். அவ்வோவியம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ ஓவியம், அழிந்துபோன அப்பறவையை ஆராய்வோர்க்குச் சான்றாக உதவுகிறது. தோழியரே, நம் சேர்வராயன் மலைப் பறவைகளையும் அவை இருக்கும்பொழுதே உற்று நோக்குவோம், காப்போம்!