யார் இந்த மேக்நாத் சாகா? தேசிய காலண்டர் தந்த விஞ்ஞானி எம்.பி!

மத்திய அரசிதழில் ஆங்கிலத் தேதியோடு இன்னொரு தேதியும் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அந்த சக ஆண்டு காலண்டரை உருவாக்கிய குழுவின் தலைவர், ஒரு மக்களவை எம்.பி. பெயர் மேக்நாத் சாகா.

1893-ல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில், சின்னக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர்களோடு நின்றதால் பள்ளியிலேயே உதவித்தொகை பறிபோனது. ஆனாலும் படிப்பை விடல. நட்சத்திர ஒளியை வைத்தே அதன் வெப்பநிலையைக் கணிக்க உதவும் சாகா சமன்பாடு, 1920-ல் அவரை உலகறியச் செய்தது.

ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1943 தாமோதர் வெள்ளத்துக்குப் பிறகு, அணைகள் கட்டி நதியை அடக்கணும்னு விடாமல் எழுதினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்கு கழகம் உருவானது.

1952 தேர்தலில் வடமேற்கு கல்கத்தாவில் நின்று ஜெயித்தார். 1938-ல் நேரு தலைமையிலான தேசிய திட்டக் குழுவில் இருந்தவர்தான். ஆனா, அணுசக்தி ஆய்வில் எதுக்கு இவ்வளவு ரகசியம்னு நேரு அரசையே கேட்டார். 1954-ல் மக்களவையில் அதற்காக விவாதத்தையும் கிளப்பினார்.

அதே அரசு கொடுத்த காலண்டர் வேலையையும் விடவில்லை. நாடு முழுக்க சுமார் 30 பஞ்சாங்கங்கள், ஏகப்பட்ட குழப்பம். 1955-ல் அறிக்கை ரெடி.

1956 பிப்ரவரி 16. டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பு. வயது 62. காலண்டர் அமலுக்கு வந்தது 1957 மார்ச் 22-ல்.