பூசணத்தைப் படையாக்கிய மேதை

நம் பழவேற்காட்டுக் குப்பங்களில் தென்னை மட்டை விசிறி போல் வெட்டுண்டு விரிந்தால், காண்டாமிருக வண்டு வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வண்டின் புழுக்கள் எருக்குழியில் வளர்கின்றன. அவற்றை அழிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எருக்குழியில் இடச் சொல்லும் பொருள்களுள் ஒன்று நஞ்சன்று. ஒரு பச்சைப் பூசணம்! மெட்டாரைசியம் என்னும் அப்பூசணத்தை முதன்முதலில் பயிர்ப்புழுவின் மேல் ஏவிப் பார்த்தவர் இலியா மெச்னிக்கோவ் ஆவார்.

இவர் 1845-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைன் நாட்டில், கார்கிவ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். ஒடெசா நகரில் பேராசிரியரானார். 1873-இல் காசநோய் இவருடைய அன்பு மனைவியைக் கொண்டு சென்றது. துயரத்தில் நொறுங்கிப் போனாலும், மீண்டும் எழுந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் அந்நாட்டுக் கோதுமை வயல்களை ஒருவகை வண்டு பாழாக்கி வந்தது. 1879-இல் மெச்னிக்கோவ், நோயுற்று மடிந்த வண்டுப் புழுக்களின் மேல் பச்சை நிறப் பூசணம் படர்ந்திருப்பதைக் கண்டார். அதன் வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி முளைக்கின்றன. தோலைத் துளைத்து உள்ளே பரவிப் புழுவைக் கொல்கின்றன. பின்பு வெளியே பசுமையாய்ப் பூத்து, மேலும் வித்துகளைத் தருகின்றன. அந்நோயையே உழவனுக்குத் துணையாக்கலாம் என எண்ணிய அவர், பீர் காய்ச்சும் தானியக் கூழில் அப்பூசணத்தை வளர்த்துக் காட்டினார். 1884-இல் கிராசில்ஷிக் என்பவர் ஸ்மீலா என்னும் ஊரில் இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்து, பீட்ரூட் வகைக் கிழங்கைத் தாக்கும் வண்டுகளின் மேல் தூவினார்.

பூசணம் புழுவை வெல்கிறது. அப்படியானால் நோய்க்கிருமி தாக்கும் எல்லா உயிரும் மடிவதில்லையே, ஏன்? இக்கேள்வியும் மெச்னிக்கோவை ஆட்கொண்டது. 1882-இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில், சிறு முட்களை எடுத்து, நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி நுண்ணிய செல்கள் திரண்டு நின்றன! பின்னர் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரினுள் புகுந்த பூசண வித்துகளை, அத்தகைய செல்கள் விழுங்குவதையும் கண்டார். நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் இவ்வாறே நம்மைக் காக்கின்றன. 1888-இல் பாரிஸ் சென்று பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய அவருக்கு, 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1916-இல் அவர் மறைந்தார்.

தோழியரே! பூசணம் உயிருள்ள மருந்து. ஈரம் இல்லையேல் முளைக்காது. நஞ்சைப் போல் உடனே கொல்லாது. ஆதலால் பொறுமை வேண்டும். ஆனால் ஆரணியாறு பாயும் நிலங்களில் தெளிக்கும் நஞ்சு, மழைநீரோடு நம் ஏரிக்கும் வரக்கூடும் அல்லவா? அந்த ஏரியில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. நம் வீட்டு அடுப்பும் எரிகிறது. வயலில் நஞ்சு குறைந்தால் வலையில் வாழ்வு நிலைக்கும். மடிந்த புழுவையும் உற்று நோக்கிய அம்மேதையின் கண்கள் நமக்கும் வாய்க்கட்டும்!