சொல் தவறாத ஸ்வார்ட்ஸ் ஐயர்

தஞ்சாவூர் பெரிய கோவிலைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? அதற்குப் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே 1779ல் கட்டப்பட்ட பழைய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் உள்ளே வெள்ளைப் பளிங்கில் செதுக்கிய ஓர் அழகான சிற்பம். படுக்கையில் ஒரு முதியவர் இருக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி ஓர் இளம் அரசர் நிற்கிறார்.

அந்த அரசர், தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். முதியவர், ஸ்வார்ட்ஸ் என்ற பாதிரியார். வேற்று நாட்டிலிருந்து வந்தவர். வேற்று மதத்தைச் சேர்ந்தவர். அவருக்கு ஒரு மராட்டிய மன்னர் ஏன் இப்படி ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்? வாருங்கள், தெரிந்து கொள்ளலாம்.

கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ், 1726ல் பிரஷ்யா நாட்டில் உள்ள சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தபோது, தமிழ் வேதாகமத்தை அச்சிடும் வேலைக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்றார். தமிழ்நாட்டைப் பார்ப்பதற்கு முன்பே தமிழ் எழுத்துகளைப் பார்த்து விட்டார்!

கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதற்காகக் கப்பலேறி, 1750ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது அது டென்மார்க் நாட்டினரின் கையில் இருந்தது. வந்த சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். பின்னர் மராத்தி, பாரசீகம், போர்த்துகீசிய மொழிகளையும் கற்றுக் கொண்டார். திருச்சியில் பல ஆண்டுகள் பணி செய்துவிட்டு, 1778ல் தஞ்சாவூரிலேயே தங்கி விட்டார். திருமணம் செய்து கொள்ளவில்லை. சிறிய அறை, சோறும் காய்கறியும் கொண்ட எளிய சாப்பாடு... இதுதான் அவர் வாழ்க்கை. மக்கள் அவரை, 'ஸ்வார்ட்ஸ் ஐயர்' என்று அழைத்தனர். அந்தக் காலத்தில் பாதிரியார்களை ஐயர் என்று மரியாதையுடன் அழைப்பது வழக்கம்.

அப்போது மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கும், ஆங்கிலேயருக்கும் கடும் பகை. 1779ல் சென்னை ஆங்கிலேய கவர்னர், ஸ்வார்ட்ஸைத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அனுப்பினார். போர் வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் அவரும் போனார். ஐதர் அலி அவரை மரியாதையாக நடத்தி, வழிச் செலவுக்குப் பணமும் கொடுத்தார். ஸ்வார்ட்ஸ் அதைத் தனக்கென வைத்துக் கொள்ளாமல் அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் திருப்பித் தந்தபோது, தஞ்சையில் ஆதரவற்ற குழந்தைகளின் படிப்புக்கென்று ஒதுக்கி விட்டார்.

ஆனால், சமாதானம் கிடைக்கவில்லை. 1780ல் போர் மூண்டது. ஐதர் அலியின் படைகள் காவிரி டெல்டாவுக்குள் புகுந்தன. வயல்கள் பாழாயின. கிராமத்து மக்கள் உயிர் பிழைக்கத் தஞ்சைக் கோட்டைக்கு ஓடி வந்தனர். கோட்டைக்குள் கொடும் பஞ்சம். தெருக்களில் மக்கள் பசியால் செத்து விழுந்தனர். ஸ்வார்ட்ஸ் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த அரிசியைக் கொண்டு ஏழைகளுக்கு உணவு கொடுத்தார். ஆனால், ஊருக்கே அது எப்படிப் போதும்?

கோட்டைக்கு வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டு வர மாடுகள் வேண்டும். விவசாயிகளோ தர மறுத்தனர். ஏன் தெரியுமா? முன்பெல்லாம் அரசாங்க ஆட்கள் நெல்லையும், மாட்டையும் பிடித்துக் கொண்டு போவார்கள்; காசு தர மாட்டார்கள். அதனால் துளஜா மன்னரையும் அவர்கள் நம்பவில்லை, ஆங்கிலேயரையும் நம்பவில்லை.

கடைசியில் மன்னர், ஸ்வார்ட்ஸின் உதவியைக் கேட்டார். உரிய பணம் கிடைக்கும், அதற்குத் தாமே பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்! விரைவிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80 ஆயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. ஒரு கலம் என்றால் 12 மரக்கால். எவ்வளவு தானியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! கோட்டை பிழைத்தது. சொன்னபடியே எல்லாருக்கும் பணமும் கொடுக்கப்பட்டது.

போர் முடிந்த பிறகும் தஞ்சைக்கு விடிவு வரவில்லை. வரிக் கொடுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஊரை விட்டே போய் விட்டனர். ஆற்றில் தண்ணீர் வந்தாலும், வயலில் இறங்க ஆளில்லை. மீண்டும் ஸ்வார்ட்ஸ்தான் அழைத்தார். இனி அநியாயம் நடக்காது என்று உறுதி கொடுத்தார். ஒரே நாளில் 7 ஆயிரம் பேர் திரும்பினர். பருவம் தவறிப் போகும் நேரம் என்பதால், இரவும் பகலும் பாடுபட்டு உழைத்தனர். முந்தைய ஆண்டை விட அதிக விளைச்சல் கண்டது தஞ்சை!

1787ல் துளஜா மன்னர், தாம் தத்தெடுத்த 10 வயது சரபோஜியை ஸ்வார்ட்ஸின் பாதுகாப்பில் விட விரும்பினார். மன்னர் இறந்ததும், அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவன் சரபோஜியை அடைத்து வைத்து, சரியாகப் படிக்கவும் விடவில்லை. இதை ஸ்வார்ட்ஸ் விடாமல் எடுத்துச் சொல்லி, 1793ல் சரபோஜியைச் சென்னைக்கு அழைத்துப் போய்ப் படிக்க ஏற்பாடு செய்தார். தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் பள்ளிகள் தோன்றவும் அவரே காரணம். பிற்காலத்தில் புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியாரும் அவரிடம் வளர்ந்த மாணவர்தான்.

1798 பிப்ரவரி 13ல் ஸ்வார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். இங்கு வந்த பிறகு 48 ஆண்டுகளில் ஒரு முறை கூட அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. அவரது உடலைப் பார்த்துக் கண்ணீர் விட்ட சரபோஜி, அதன் மீது பொன்னாடை போர்த்தினார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். ஆனால், 1799லேயே ஆட்சி அதிகாரம் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போய் விட்டது. மன்னர் மனம் தளரவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை உலகமே வியக்கும்படி வளர்த்தார். ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியிடம் சொல்லி, தம் ஆசானுக்கு அந்தப் பளிங்குச் சிற்பத்தையும் செய்ய வைத்தார்.

சரபோஜி கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார். ஸ்வார்ட்ஸும் தம் மதத்தை விட்டு விலகவில்லை. இருந்தும், இருவருக்கும் இடையே இருந்த அன்பு குறையவே இல்லை.

அரசனிடம் படை இருந்தது. கம்பெனியிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால், விவசாயிகளின் மாடுகளை வரவழைத்தது ஒரு மனிதரின் வாக்கு மட்டும்தான். அடுத்த முறை தஞ்சை போகும்போது, பெரிய கோவிலைப் பார்த்த கையோடு அந்தச் சிற்பத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் குட்டீஸ்!