பத்து மணி நேரச் சட்டம் கேட்ட பிரபு

பொழுது விடியுமுன் ஆலை மணி அடிக்கும். அரைத் தூக்கத்தில் சிறுவர் சிறுமியர் ஓடுவார்கள். 12 மணி நேரம், 14 மணி நேரம் இயந்திரத்தின் அருகில் நின்று வேலை செய்வார்கள். 1830-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் பஞ்சாலைகள் பலவற்றில் இதுதான் நிலைமை.

இதை எதிர்த்துப் பார்லிமெண்டில் வாதாடினார், ஒரு பிரபுவின் மகன். அவர் பெயர் ஆஷ்லி. பிற்காலத்தில் ஷாப்ட்ஸ்பரி பிரபு என்று புகழ் பெற்றவர் அவரே.

பணிப்பெண்ணின் அன்பு

ஆஷ்லி 1801-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வீட்டில் செல்வம் இருந்தது. பெற்றோரின் அன்பு இல்லை. அவரைப் பாசத்தோடு வளர்த்தவள் பணிப்பெண் மரியா மில்லிஸ். அந்த ஏழையின் அன்பை அவர் மறக்கவே இல்லை.

25-வது வயதில் பார்லிமெண்ட் மெம்பர் ஆனார். 1833-ம் ஆண்டில் தொழிலாளர் தரப்பினர் அவரை நாடினர். வேலை நேரத்தை 10 மணியாகக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்றனர். ஆஷ்லி ஒப்புக்கொண்டார்.

முதலாளிகள் எதிர்ப்பு

முதலாளிகள் சீறினர். கடைசி ஒரு மணி நேர வேலையில்தான் லாபமே வருகிறது. அதைக் குறைத்தால் ஆலைகள் மூடப்படும், கூலி குறையும் என்று அவர்கள் தரப்பில் வாதம் நடந்தது. ஆஷ்லியின் சொந்த மாவட்டத்தில் பண்ணையாட்கள் படும் பாட்டை ஆலை அதிபர் ஜான் பிரைட் குத்திக் காட்டினார். அதில் உண்மையும் இருந்தது.

1833-ம் ஆண்டுச் சட்டம் 9 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பஞ்சாலை வேலையிலிருந்து விலக்கியது. ஆனால் 10 மணி நேரம் கிடைக்கவில்லை. ஆஷ்லி விடவில்லை. 1842-ல், சுரங்கத்துக்குள் பெண்களும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

1847-ல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியது. அப்போது ஆஷ்லி மெம்பர் பதவியில் இல்லை. மசோதாவை வெற்றி பெறச் செய்தவர் ஜான் பீல்டன்.

துரோகிப் பட்டம்

பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும் சட்டம் பொருந்தியது. முதலாளிகள் சிலர் தந்திரம் செய்தனர். விட்டு விட்டு வேலை கொடுத்தனர். 10 மணி வேலைக்காக நாள் முழுவதும் காத்துக் கிடக்க நேர்ந்தது.

1850-ல் ஒரு சமரசம் வந்தது. காலை 6 முதல் மாலை 6 வரைதான் வேலை. நடுவில் ஒன்றரை மணி சாப்பாட்டு நேரம். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு விடுதலை. வேலை அரை மணி கூடும். ஆனால் தந்திரத்துக்கு இடம் இராது. மீண்டும் மெம்பராகியிருந்த ஆஷ்லி அதை ஏற்றார். தொழிலாளர் பலர் அவரைத் துரோகி என்று தூற்றினர்.

ஆலைகள் மூடப்படவில்லை. சனிக்கிழமை ஓய்வு நிலைத்தது. 1885-ல் அவர் மறைந்தபோது, சவ ஊர்வலம் சென்ற லண்டன் வீதிகளில் ஏழை மக்கள் திரண்டு நின்றனர்.